சலாகை வரைபு பிழைத்தால் எங்கே தேடுவது: அளவிடைக் குறைகளும் திருத்தங்களும்

மீடிறன் அட்டவணையை, அதாவது எது எத்தனை தடவை வந்தது என்ற அட்டவணையை, பார்த்துச் சலாகை வரைபு போடுவது லேசான வேலை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கணக்குக் குறைவு, நிறம் தீட்டலாம், நேரமும் போய்விடும். ஆனால் மட்டக்களப்பிலும் சரி கல்முனையிலும் சரி, டியூசன் வகுப்பில் கொப்பிகளை வாங்கிப் பார்த்தால் அநியாயமாகப் புள்ளி போகிற இடங்களில் இதுவும் ஒன்று, அதுவும் மற்றக் கணக்குகளை நன்றாகச் செய்கிற பிள்ளைகளுக்கே போகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அளவிடையை, அதாவது தாளில் 1 சென்ரிமீற்றருக்கு எத்தனை என்பதை, முடிவு செய்வதற்கு முன்னரே முதல் சலாகையை வரைந்துவிடுகிறார்கள். அப்புறம் மிச்சச் சலாகைகளை எப்படியாவது அந்தத் தாளுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள், அங்கேதான் எல்லாம் குழம்புகிறது.

இது முழுப் பாடம் இல்லை. உங்கள் வரைபு எப்படிப் பிழைத்திருக்கிறது என்று பார்த்து அந்தக் குறையின் கீழே போங்கள், காரணமும் திருத்தமும் அங்கே இருக்கும். வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிற அம்மா, வாப்பா, அக்கா யாராக இருந்தாலும் இதை வைத்துச் சமாளிக்கலாம். நிரல் வரைபு என்று கேள்வியில் வந்தாலும் இதேதான்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். கல்லடியில் 1924 ஆம் ஆண்டுப் பழைய பாலத்தில் நின்றால் பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலத்தால் போகிற வாகனங்களை எண்ணலாம். அப்படி எண்ணியதாக வைத்துப் பயிற்சிக்காக நான் போட்ட எண்கள் இவை:

மோட்டார் சைக்கிள் – 164
ஆட்டோ – 87
சைக்கிள் – 58
கார், வான் – 46
லொறி – 13
பஸ் – 9
மொத்தம் – 377

சலாகை தாளுக்கு வெளியே போகிறது

பஸ்சில் தொடங்கி, 1 சென்ரிமீற்றருக்கு 5 வாகனம் என்று எடுத்து, ஆறாவதாக மோட்டார் சைக்கிளுக்கு வரும்போது தாள் முடிந்துவிடும். 164 ஐ 5 ஆல் வகுத்தால் 32.8 சென்ரிமீற்றர், அந்த உயரத்துக்கு வரைபுத்தாள் எங்கே இருக்கிறது? சில பிள்ளைகள் இந்த இடத்தில் இன்னொரு தாளை மேலே ஒட்டிக்கொண்டு வருவார்கள். முயற்சிக்குப் பாராட்டலாம், புள்ளி கொடுக்க முடியாது.

திருத்தம் ஒரு வகுத்தல்தான். முதலில் தாளில் தலைப்புக்கும் கீழே பெயர்களுக்கும் இடம் விட்டுவிட்டு, சலாகைக்கு எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று அடிமட்டத்தால் அளங்கள். 18 சென்ரிமீற்றர் என்று வைப்போம். அட்டவணையில் மிகப் பெரிய மீடிறன் 164. 164 ÷ 18 = 9.1 அளவில் வருகிறது. அதாவது 1 சென்ரிமீற்றருக்கு ஆகக் குறைந்தது 9.1 வாகனம் அடங்க வேண்டும். அந்த 9.1 ஐ அப்படியே எடுக்கக் கூடாது, அதற்கு மேலே இருக்கிற வசதியான எண்ணுக்குப் போக வேண்டும், இங்கே அது 10. மோட்டார் சைக்கிள் 16.4 சென்ரிமீற்றர், ஆட்டோ 8.7, சைக்கிள் 5.8, கார் வான் 4.6, லொறி 1.3, பஸ் 0.9. எல்லாம் தாளுக்குள் இருக்கிறது, ஒன்றுக்கும் தலை சுற்றவில்லை.

கவனிக்க வேண்டியது, எப்போதும் மேலே கூட்டித்தான் எடுக்க வேண்டும். மிஞ்சிய உயரம் 12 சென்ரிமீற்றர்தான் என்றால் 164 ÷ 12 = 13.7 வரும், அப்போது 10 பக்கத்தில் இருக்கிறதே என்று கீழே இறங்கினால் மறுபடி தாளுக்கு வெளியேதான். 20 க்குப் போங்கள், 8.2 சென்ரிமீற்றர் உயரம் வரும், தாளில் கொஞ்ச இடம் வெறுமையாகக் கிடந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

எல்லாச் சலாகையும் குட்டையாக அடியிலே கிடக்கிறது

முந்தியதற்கு நேர் எதிர். தாளுக்கு வெளியே போய்விடும் என்ற பயத்தில் 1 சென்ரிமீற்றருக்கு 50 என்று எடுத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் 3.3 சென்ரிமீற்றர், பஸ் 0.18 சென்ரிமீற்றர். இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லாத சலாகையைப் பென்சில் கோடே மூடிவிடும், லொறிக்கும் பஸ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே வகுத்தலைச் செய்து பாருங்கள். மிகப் பெரிய சலாகை கிடைத்த உயரத்தில் பாதிக்கும் கீழே நின்றால் பெரும்பாலும் அளவிடையை ஒரு படி இறக்கலாம் என்று அர்த்தம்.

சலாகைகள் ஒரே சீராகப் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன

இது கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டிய பிழை, ஏனென்றால் பார்வைக்கு வரைபு மிக அழகாக இருக்கும். நேரான கோடுகள், சமமான இடைவெளி, நிறமும் தீட்டியிருக்கும், பிள்ளையும் பெருமையாக நீட்டும். பஸ் 2 சென்ரிமீற்றர், லொறி 4, கார் 6, சைக்கிள் 8, ஆட்டோ 10, மோட்டார் சைக்கிள் 12.

நிலைக்குத்து அச்சைப் பாருங்கள். அங்கே 9, 13, 46, 58, 87, 164 என்று எழுதியிருக்கும். அதாவது அட்டவணையில் இருந்த மீடிறன்களையே தூக்கிக்கொண்டு வந்து அச்சில் சம இடைவெளியில் அடுக்கிவிட்டார்கள். பிள்ளையைக் கேட்டால், “சேர், 164 க்கு நேரே 164 வரைக்கும்தானே கீறியிருக்கிறேன்” என்று சொல்லும், அதுவும் உண்மைதான், ஒவ்வொரு சலாகையும் அதன் எண்ணுக்கு நேரே போய் நிற்கிறது. ஆனால் பஸ்சுக்கும் லொறிக்கும் இடையில் வித்தியாசம் 4 வாகனம், ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் 77 வாகனம், தாளில் இரண்டுக்கும் அதே 2 சென்ரிமீற்றர். அப்படியென்றால் அந்த 2 சென்ரிமீற்றருக்கு விலை என்ன? ஒரு இடத்தில் 4, இன்னொரு இடத்தில் 77. அளவிடையே இல்லாத வரைபு இது.

இதைக் கண்டுபிடிக்க அச்சில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பார்த்தால் போதும். எங்கே கழித்தாலும் ஒரே விடை வர வேண்டும். 0, 10, 20, 30 என்றால் எங்கும் 10. 9, 13, 46 என்றால் 4 உம் 33 உம், அங்கேயே பிடிபட்டுவிடும்.

இதே பிழை இன்னொரு வேடத்திலும் வரும், அது பெரிய பிள்ளைகளிடமும் உண்டு. 0, 10, 20, 30, 40, 50 என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு போய், மேலே இடம் போதாது என்று தெரிந்ததும் 50 க்குப் பிறகு 100, 150, 200 என்று தாவிவிடுவார்கள், கோடுகளின் இடைவெளி மட்டும் மாறாது. அப்போது கீழே உள்ள சின்னச் சலாகைகள் சரியாக இருக்கும், பெரியவை மட்டும் சந்தேகப்படுகிற அளவுக்குக் குள்ளமாகிவிடும். 164 மோட்டார் சைக்கிள் 46 கார் வானைப் போல மூன்றரை மடங்கு, வரைபில் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும். இதற்கும் அதே கழித்தல்தான் மருந்து. அச்சு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், மேல் பாதியை மட்டும் திருத்தலாம் என்று இறங்கினால் கொப்பி ஓட்டையாவதுதான் மிச்சம்.

சலாகை எங்கே முடிகிறது என்று வாசிக்கவே முடியவில்லை

அளவிடையில் 3, 7, 9, 30 போன்ற எண் இருக்கிறதா? அதுதான் காரணம். 1 சென்ரிமீற்றருக்கு 30 என்று எடுத்தால் 1 மில்லிமீற்றருக்கு 3 வாகனம். 87 க்கு 2.9 சென்ரிமீற்றர், சந்தோசம். 164 க்கு 5.4666 என்று போகும், அதை எந்த அடிமட்டத்தில் தேடுவது? 46 உம் அப்படித்தான்.

1, 2, 5 இந்த மூன்றையும், அவற்றைப் பத்தால், நூறால் பெருக்கி வருகிறவற்றையும் வைத்துக்கொண்டால் வாழ்க்கை லேசு. வரைபுத்தாளில் பெரிய சதுரம் ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் பத்துச் சிறு பிரிவாகப் பிரிந்திருக்கிறது, 10 ஐ 1, 2, 5 ஆகியவை மீதியில்லாமல் பிரிக்கும், அதனால் ஒரு சிறு பிரிவுக்கு என்ன பெறுமதி என்று மனதிலேயே சொல்லலாம். 4 ஐயும் சிலர் பாவிப்பார்கள், ஒரு சிறு பிரிவுக்கு 0.4 வரும், அவசரத்தில் பிழைக்கும். நான் விடமாட்டேன். 25 பரவாயில்லை, அட்டவணையில் எல்லாம் 25 இன் மடங்காக, 50, 75, 125 என்று இருந்தால் மட்டும்.

வரைபுத்தாள் இல்லாமல் சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், அங்கே சிறு பிரிவே கிடையாது. ஒரு சதுரத்துக்கு 10 என்றால் பாதிச் சதுரம் 5, அதற்குக் கீழே கண்மதிப்புத்தான். 58 என்றால் ஆறாவது சதுரத்தில் முக்கால்வாசியைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். அதைச் செய்துவிட்டுச் சலாகையின் உச்சியில் 58 என்று எண்ணையும் எழுதிவிடுவது நல்லது, பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது.

திரும்ப வாசித்தால் அட்டவணையோடு பொருந்தவில்லை

வரைந்து முடித்த பிறகு அட்டவணையை மூடி வைத்துவிட்டு, வரைபை மட்டும் பார்த்து ஒவ்வொரு சலாகையின் மீடிறனையும் வாசித்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, ஏற்கெனவே தெரிந்ததை ஏன் திரும்ப எழுத வேண்டும் என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த ஒரு வேலைதான் பிழை எந்த வகை என்று காட்டிக் கொடுக்கும். மூடிய அட்டவணையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரே அளவு கூடியிருக்கிறதா? மோட்டார் சைக்கிள் 169, ஆட்டோ 92, லொறி 18, பஸ் 14 என்று எதைப் பார்த்தாலும் 5 கூட. இது அளவிடைப் பிழை இல்லை, அடிமட்டப் பிழை. கடையில் வாங்குகிற பல பிளாஸ்டிக் அடிமட்டங்களில் பூச்சியக் கோடு நுனியில் இருப்பதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். பிள்ளை நுனியை அச்சில் வைத்து அளந்திருக்கிறது. அந்த அரைச் சென்ரிமீற்றர் எல்லாச் சலாகைக்கும் சமமாக ஏறிவிட்டது, நமது அளவிடையில் அது 5 வாகனம். பெரிய சலாகையில் இது கண்ணில் படாது, 164 ஆ 169 ஆ என்று யார் பார்க்கப்போகிறார்கள், ஆனால் 9 பஸ் 14 ஆகிவிட்டது. அதனால் எப்போதும் மிகச் சின்னச் சலாகையை முதலில் சோதியுங்கள்.

கூடியது சரியாக 10 என்றால் அச்சின் அடியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். கிடை அச்சு தொடங்குகிற கோட்டில் 0 க்குப் பதில் 10 என்று எழுதி, அடுத்த கோட்டில் 20 என்று போயிருப்பார்கள், ஆனால் சலாகைகளை அடிமட்டத்தால் அளந்து கீறியிருப்பார்கள். அந்த அச்சைப் பார்த்தே கீறியிருந்தால் 9 பஸ்சுக்கு இடமே இல்லாமல் போயிருக்கும். 0 ஐ எழுதுவது நேர விரயம் என்று ஒரு எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கிறது, எப்படி வந்தது என்று தெரியவில்லை.

எல்லாம் ஒரே மடங்கில் மாறியிருக்கிறதா? லொறி 26, பஸ் 18, கார் வான் 92, மோட்டார் சைக்கிள் தாளையே தாண்டிவிட்டது. எல்லாம் சரியாக இரண்டு மடங்கு. இப்போதுதான் அளவிடையில் பிழை, அதிலும் பெரும்பாலும் தாளின் சிறு பிரிவில். வரைபுத்தாள்கள் எல்லாம் ஒன்று இல்லை. சிலவற்றில் சிறு பிரிவு 1 மில்லிமீற்றர், 10 சிறு பிரிவு சேர்ந்தால் 1 சென்ரிமீற்றர். சிலவற்றில் சிறு பிரிவு 2 மில்லிமீற்றர், 10 சிறு பிரிவு 2 சென்ரிமீற்றர். அச்சை அடிமட்டத்தால் 1 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு என்று குறித்துவிட்டு, சலாகையை மட்டும் ஒரு சிறு பிரிவுக்கு ஒரு வாகனம் என்று எண்ணிக் கீறினால், 2 மில்லிமீற்றர்த் தாளில் எல்லாம் இரட்டிக்கும்.

இதற்குத் திருத்தம், ஒரே தாளில் இரண்டு முறையைக் கலக்காமல் இருப்பதுதான். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும்போது வரைபுக் கேள்விகளில் 10 சிறு பிரிவுக்கு இத்தனை அலகு என்ற பேச்சுத்தான் வரும், ஆகவே இப்போதே பிரிவை எண்ணிப் பழகுவது நல்லது. நமது அட்டவணைக்கு 2 மில்லிமீற்றர்த் தாளில் 10 சிறு பிரிவுக்கு 20 வாகனம் என்று எடுத்தால் ஒரு சிறு பிரிவுக்கு 2. மோட்டார் சைக்கிள் 82 பிரிவு, சைக்கிள் 29 பிரிவு, பஸ் நாலரைப் பிரிவு.

ஒன்று மட்டும் பிழை, மற்றவை எல்லாம் சரி என்றால் கவலையே இல்லை, கை தவறியிருக்கிறது. அதை மட்டும் அழித்து வரையுங்கள்.

சின்ன வித்தியாசம் மலை மாதிரித் தெரிகிறது

மூன்று வகுப்புகளின் வரவு 38, 36, 40 என்று வைப்போம். அச்சை 35 இல் தொடங்கினால் சலாகைகள் 3, 1, 5 என்று நிற்கும், பார்க்கிறவர் மூன்றாம் வகுப்பில் ஐந்து மடங்கு பிள்ளைகள் வந்ததாக நினைப்பார். உண்மையில் 40 என்பது 36 ஐ விட ஒன்பதில் ஒரு பங்குதான் கூட. சலாகை வரைபை நாம் நீளத்தால் வாசிக்கிறோம், அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்கு அர்த்தம் போய்விடுகிறது. 0 இல் தொடங்குங்கள். மூன்று சலாகையும் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரிந்தால் அதுதான் செய்தி, வரவில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்திரிகைகளிலும் தேர்தல் காலத்துப் போஸ்டர்களிலும் இந்த வெட்டு வேலையை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது வேறு கதை.

எண்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை

பயப்பட ஒன்றுமில்லை, வகுத்தல் அதேதான். 2012 ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணத்தின் மூன்று மாவட்டங்களும் இப்படி: அம்பாறை 649,402, மட்டக்களப்பு 526,567, திருகோணமலை 379,541. இதைக் கண்டதும் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும், 402 பேரை எங்கே காட்டுவது என்று.

காட்டத் தேவையில்லை. உயரம் 15 சென்ரிமீற்றர் இருக்கிறது என்றால் 649,402 ÷ 15 ஏறக்குறைய 43,300, மேலே உள்ள வசதியான எண் 50,000. 1 சென்ரிமீற்றருக்கு 50,000 பேர், 1 மில்லிமீற்றருக்கு 5,000 பேர். அப்போது 402 பேர் என்பது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பென்சில் முனையே அதைவிடத் தடிப்பு. அம்பாறை 13.0 சென்ரிமீற்றர், மட்டக்களப்பு 10.5, திருகோணமலை 7.6. அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அளவிடை, பிறகுதான் மட்டந்தட்டல். சில பிள்ளைகள் முதலிலேயே 600,000, 500,000, 400,000 என்று கிட்டிய லட்சத்துக்கு மட்டந்தட்டிவிட்டு வரைவார்கள், அது படிக்கட்டாகத்தான் வரும், அம்பாறையில் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் பேர் காணாமல் போயிருப்பார்கள். எவ்வளவு நுணுக்கமாக மட்டந்தட்ட வேண்டும் என்பதை ஒரு சிறு பிரிவின் பெறுமதிதான் சொல்லும்.

அச்சில் ஆறு இலக்கம் எழுத இடமில்லை என்றால் 100, 200, 300 என்று எழுதி, அச்சின் பெயரில் “சனத்தொகை, ஆயிரத்தில்” என்று போடுங்கள். அந்த “ஆயிரத்தில்” விடுபட்டால் அம்பாறை மாவட்டம் முழுவதிலும் 649 பேர்தான் இருக்கிறார்கள் என்று ஆகிவிடும், பொத்துவிலில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே அதைவிடக் கூட இருப்பார்கள்.

கடைசிச் சலாகைக்குப் பக்கவாட்டில் இடம் இல்லை

நிலைக்குத்து அச்சுக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டுக் கிடை அச்சைக் கண்மதிப்பில் விட்டதால் வருவது. தொடக்கத்தில் அகலமாக ஓங்கி வரைந்து, போகப் போக மெலிந்து, பஸ்சுக்கு வரும்போது கோடு மாதிரி ஆகிவிடும். 6 சலாகை, ஒவ்வொன்றும் 1.5 சென்ரிமீற்றர் அகலம், இடைவெளி 1 சென்ரிமீற்றர். அச்சுக்கும் முதல் சலாகைக்கும் நடுவில் ஒன்று, கடைசிக்குப் பிறகு ஒன்று என்று இடைவெளி 7. ஆக 9 உம் 7 உம் 16 சென்ரிமீற்றர். தாள் அகலம் போதாவிட்டால் எல்லா அகலத்தையும் சேர்த்துக் குறையுங்கள். ஒரு சலாகை மட்டும் தடித்தால் உயரம் சரியாக இருந்தாலும் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியும்.

சலாகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது உச்சிகளைக் கோட்டால் இணைத்திருக்கிறது

ஒட்டியிருந்தால் வலையுருவரையத்தோடு (ஹிஸ்டோகிராம்) குழம்பியிருக்கிறது. 0–10, 10–20, 20–30 என்று தொடர்ந்து போகிற வகுப்பாயிடைகள் என்றால் ஒட்ட வேண்டும், ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. ஆட்டோ முடிகிற இடத்தில் சைக்கிள் தொடங்குவதில்லை. வலையுருவரையத்தில் வகுப்பாயிடைகள் சமமில்லாமல் வந்தால் உயரத்தை அகலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அது சாதாரண தர வேலை, இங்கே இழுக்கவில்லை.

கோட்டால் இணைப்பதற்கும் அதே பதில். ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் எந்த வாகனமும் இல்லை, கோடு எதைக் காட்டுகிறது? 1786 இல், சலாகை வரைபை முதன்முதலில் போட்டவர்களில் ஒருவரான வில்லியம் பிளேஃபெயர் ஸ்கொட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் காட்டச் சலாகைகளை எடுத்ததும் இதனால்தான், அவரிடம் ஒரே வருடத்துத் தரவுதான் இருந்தது, வருடா வருடம் கோடு இழுக்க வழி இல்லை, நாடு நாடாகத் தனித்தனிச் சலாகை போட்டார்.

ஒரு வகை காணாமல் போயிருக்கிறது, அல்லது கூட்டுத்தொகை பொருந்தவில்லை

32 பிள்ளைகளிடம் எத்தனை சகோதரர் என்று கேட்டு எடுத்த அட்டவணை: ஒருவரும் இல்லை 4, ஒருவர் 11, இருவர் 9, மூவர் 6, நால்வர் 0, ஐவர் 2. வரைகிறபோது நால்வருக்குச் சலாகை இல்லை என்று பெயரையும் தூக்கிவிட்டு, மூன்றுக்குப் பக்கத்தில் ஐந்தைப் போட்டுவிடுகிறார்கள். மீடிறன் 0 என்பதும் ஒரு விடைதான். பெயரை எழுதி இடத்தை வெறுமையாக விடுங்கள். இங்கே எண்கள் சின்னவை, 1 சென்ரிமீற்றருக்கு ஒரு பிள்ளை என்று தாராளமாக எடுக்கலாம், 11 சென்ரிமீற்றர்தான் வரும்.

கூட்டுத்தொகை ஒன்று இரண்டு பிசகினால் வரைபைத் திட்டாமல் வரவுக்குறிகளுக்குப் போங்கள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். ஐந்து நின்ற கோட்டைப் போட்டுக் குறுக்கே ஆறாவதை இழுத்து, அதையும் ஐந்து என்று எண்ணுகிற பிள்ளைகள் உண்டு. கட்டுக்கு ஒன்று குறையும். 87 ஆட்டோவுக்குப் பதினேழு கட்டுக்கு மேல் வரும் என்பதால் சின்னப் பிசகு இல்லை.

சாரி, சாரத்தை முந்திவிட்டது

ஒரு வகைக்கு இரண்டு சலாகை பக்கத்தில் பக்கத்தில் வரைகிற வரைபில் வருவது. மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடையில் மூன்று மாதம் விற்ற சாரம் 120, 95, 140 என்றும் சாரி 22, 31, 18 என்றும் வைப்போம், இதுவும் பயிற்சி எண்தான். சாரிச் சலாகை குட்டையாக இருக்கிறதே என்று அதற்கு மட்டும் 1 சென்ரிமீற்றருக்கு 5 என்று எடுத்து, சாரத்துக்கு 20 என்று எடுத்தால், இரண்டாம் மாதத்தில் சாரி 6.2 சென்ரிமீற்றர், சாரம் 4.75. விற்றது 31 உம் 95 உம், வரைபில் 31 வென்றுவிட்டது.

ஒரே அச்சில் நிற்கிற எல்லாவற்றுக்கும் ஒரே அளவிடை. இரண்டு நிரல்களிலும் சேர்த்துப் பெரிய எண்ணைத் தேடுங்கள், 140. 1 சென்ரிமீற்றருக்கு 10 என்றால் 14 சென்ரிமீற்றர், சாரி 2.2, 3.1, 1.8. குட்டையாகத்தான் இருக்கும், விற்பனை அப்படித்தான் இருந்தது. சாரியின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் தனி வரைபு போடுங்கள். நிறக் குறிப்பை மூலையில் எழுத மறந்தால் எது சாரி எது சாரம் என்று வரைந்தவருக்கே அடுத்த நாள் தெரியாது.

எல்லாம் சரி, ஆனாலும் புள்ளி குறைந்திருக்கிறது

தாளின் மேல் மூலையில் அளவிடை எழுதியிருக்கிறதா? “1 செ.மீ. = 10 வாகனங்கள்” என்று ஒரு வரி, அலகோடு. வெறுமனே “1 = 10” என்று எழுதினால் எது ஒன்று, எது பத்து? தலைப்பு, இரண்டு அச்சுகளின் பெயர், சலாகையின் கீழே நடுவில் வகையின் பெயர். கேள்வியில் அளவிடை கொடுத்திருந்தால் உங்களுடையது எவ்வளவு அழகாக இருந்தாலும் கொடுத்ததைத்தான் எடுக்க வேண்டும்.

அடிமட்டம் ஒன்று சொல்கிறது, தாளின் கட்டம் வேறொன்று சொல்கிறது

வட்ஸ்அப்பில் வந்த வரைபுத்தாளைப் போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்திருந்தால் இது நடக்கும். தாளுக்குப் பொருந்துகிற மாதிரி அச்சியந்திரம் கொஞ்சம் சுருக்கிவிடும், 1 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சுருங்கிப் போகும். ஒன்றில் தெரியாது, பதினாறு சதுரத்தில் நன்றாகத் தெரியும். அடிமட்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டுக் கட்டத்தை எண்ணி வரையுங்கள், அளவிடையையும் “1 சதுரம் = 10 வாகனங்கள்” என்று எழுதுங்கள். கடையில் அச்செடுக்கும்போதே நூறு வீத அளவில் எடுக்கச் சொன்னால் இந்த வேலையே இல்லை.

கணினியில் போட்டால் ஏன் இப்படி வருகிறது

எக்ஸெல்லில் போட்டாலும் குறைகள் இதேதான், ஆனால் அளவிடையை அது தானாக எடுத்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், நமது 38, 36, 40 மாதிரி, அது அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் மேலே எங்கேயாவது தொடங்கும். நிலைக்குத்து அச்சின் எண்கள் மேல் இரட்டைக் கிளிக் செய்து, ஆகக் குறைந்த பெறுமானம் என்ற பெட்டியில் 0 போடுங்கள். பக்கத்தில் கோட்டு இடைவெளிக்கும் ஒரு பெட்டி இருக்கும், அதில் 10 அல்லது 20 போட்டால் கொப்பியில் வரைந்ததும் திரையில் வந்ததும் ஒரே மாதிரி நிற்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.